கண்ணாடி கழுவும் கோல் வந்த கதை

போன மாதம் ஒருநாள் இரவு என் தங்கை மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். பத்து வருடமாக அங்கே ஒரு கட்டடப் பராமரிப்பு கம்பெனியில் கண்ணாடி துடைக்கிற வேலை. இப்போது ஊருக்கே வந்து கள்ளக்குறிச்சியில் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறானாம்.

"மாமா, தண்ணி போற கோல் ஒண்ணு வாங்கணும். அலுமினியமா, ஃபைபரா, கார்பனா? நீங்க கரண்டு ஆபீஸ்ல இருந்தவரு, நீங்களே சொல்லுங்க" என்றான்.

தண்ணீர் போகிற கோலா என்று முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அவன் விளக்கினான். ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டுகிற நீளமான கோல். உச்சியில் பிரஷ். கோலோடு ஒரு மெல்லிய டியூப் போகும். கீழே சின்ன மோட்டார் தண்ணீரைத் தள்ளும். தரையில் நின்றுகொண்டே மூன்றாவது மாடிக் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். ஏணி வேண்டாம், கயிறு வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம்.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? இந்தக் கோலின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது ரிஷிவந்தியத்தில் கண்ணாடி கழுவுகிற வேலையே கிடையாது. ஜன்னல் என்றால் மரக்கதவும் இரும்புக் கம்பியும்தான். ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். பொங்கலுக்கு முன்னால் யாராவது ஏணி வைத்து ஏறி அதைத் துடைப்பார்கள். அவ்வளவுதான். கோல் என்றால் ஒட்டடைக் கோலும், முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியும்தான். இரண்டும் மூங்கில். அர்த்தநாரீஸ்வரர் கோயில் கோபுரத்தில் வேலை என்றால் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி ஆள் ஏறுவார்கள். உயரத்தில் வேலை என்றால் மனிதன் மேலே போக வேண்டும். அன்று தெரிந்த வழி அது ஒன்றே.

கண்ணாடி பெருகியதற்கு 1959ஆம் ஆண்டைத் தொடக்கமாகச் சொல்லலாம். அந்த வருடம்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது. நம் ஊரிலிருந்து பட்டணம் போய் வந்தவர்கள் 'பதினாலு மாடி' என்று வாய் பிளந்து சொன்னது அதைத்தான். அதே வருடம் இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி, உருக்கிய கண்ணாடியை உருக்கிய ஈயத்தின்... இல்லை, வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை உலகுக்கு அறிவித்தது. அலை இல்லாத பெரிய பெரிய கண்ணாடிகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். அந்தக் கண்ணாடி நம் பக்கம் வந்து சேர நாற்பது வருடம் ஆயிற்று. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதே ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன் தொழிற்சாலையில் கண்ணாடி உற்பத்தி தொடங்கியது. பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் சுவர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கண்ணாடி வந்துவிட்டது. என் மருமகன் போன்ற பையன்கள் கயிற்றில் தொங்கப் போனதும் அப்போதுதான்.

கழுவுகிற கருவிக்குத் தனிக் கதை. கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கிற ரப்பர் பட்டை வைத்த பித்தளைக் கருவிக்கு 1936இல் காப்புரிமை வாங்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து பிழைக்கப் போய் அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்தில் ஜன்னல் துடைத்தவர். கோலுக்குள் தண்ணீர் விடுகிற யோசனை 1950களில் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து சீடர் ராப்பிட்ஸ் ஊரிலிருந்த டக்கர் என்ற கம்பெனியுடையது. அதன் அலுமினியக் கோல் பல வருடம் பழக்கத்தில் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். நம் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பாத்திரத்தில் படிகிற அதே உப்புதான். குடிதண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆயிரம் இருக்கிற தண்ணீர் ஒரு லிட்டர் காய்ந்தால் ஒரு கிராம் உப்பு மிச்சம். கண்ணாடிக்கு அது ஆகாது. கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தண்ணீரை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். சப்ஸ்டேஷன் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். அதை ஊற்றிக் கழுவினால் துடைக்கவே வேண்டாம், தானாகக் காய்ந்து பளிச்சென்று நிற்கும்.

அந்த மாதிரித் தண்ணீரைக் குடம் குடமாக எடுக்க வழி செய்ததில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. சீனிவாச சௌரிராஜன். 1959ஐ ஒட்டி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து, உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடுகிற ஜவ்வுத் தாளைச் செய்தவர். இன்று வீட்டுக்கு வீடு இருக்கிற ஆர்.ஓ. மெஷினுக்கு மூலம் அதுதான். 1965இல் கோலிங்கா என்ற ஊருக்கே அந்த முறையில் குடிதண்ணீர் கொடுத்தார்கள். இன்று ஜன்னல் கழுவுகிறவர் வண்டியில் ஆர்.ஓ.வும், மிச்ச உப்பை இழுக்க ரெசின் உருளையும் இருக்கின்றன.

கோலும் மாறியது. மூங்கில் போய் அலுமினியம், அது போய்க் கண்ணாடி இழை, அதற்கு அடுத்து கார்பன் இழை. கோல் ஊன்றித் தாண்டுகிற பந்தயத்திலும் இப்படித்தான். 1940இல் மூங்கிலை வைத்து 15 அடி தாண்டினார் வார்மர்டாம். 1960களில் கண்ணாடி இழைக் கோல் வந்து பழைய சாதனைகளையெல்லாம் அழித்துவிட்டது. இங்கிலாந்தில் 2005இல் உயரத்தில் வேலை செய்வதற்கு ஒரு சட்டம் வந்தது. அதன் முதல் கட்டளை இதுதான்: உயரத்துக்குப் போகாமல் வேலையை முடிக்க முடியுமானால் போகாதே. அதன் பிறகு அங்கே ஏணியைக் கீழே வைத்துவிட்டுக் கோலை எடுத்தவர்கள் ஏராளம்.

இதெல்லாம் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனிதன் விழாமல் இருக்க வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு அண்ணாந்து பார்க்கிற பழக்கம் போகாது.

வேலையில் இருந்தபோது ஒரு காலை. ஊரும் பேரும் வேண்டாம். புதுக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர் அலுமினிய ஏணியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். பின்பக்கம் போன 11 கே.வி. கம்பியில் பட்டுவிட்டது. சப்ளையை நிறுத்தி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுண்ணாம்பு வாளி மட்டும் கவிழாமல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

அந்தக் கட்டடம் விதியை மீறிக் கட்டியதும் அல்ல. 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 80ஆவது விதி, 11 கே.வி. கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இருந்தால் போதும் என்றது. நாலு அடி! சும்மா நிற்கிற சுவருக்கு அது போதும். 30 அடிக் கோலை ஒருவர் தூக்கிப் பிடித்திருக்கும்போது அடியில் கொஞ்சம் சாய்ந்தாலே நுனி நாலு அடி நகர்ந்துவிடும். அந்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், மிக நெருங்கினாலே போதும்.

கோலில் எது நல்லது என்று அவன் கேட்டதற்கு என் பதில் இங்கிருந்துதான் வந்தது. அலுமினியம் வேண்டவே வேண்டாம். கார்பன் எடை குறைவு, வளையாது, மூன்று நாலு மாடிக்கு அதுதான் கை வலிக்காத கோல். ஆனால் கார்பனில் கரண்டு பாயும். கறுப்பாக, பிளாஸ்டிக் போல இருப்பதால் பலருக்கு இது தெரியாது. கண்ணாடி இழைக் கோல் கனம், நீளமானால் நெளியும். ஆனால் காய்ந்து சுத்தமாக இருந்தால் கரண்டைக் கடத்தாது. லைன்மேன் கையில் பிடிக்கிற ராடுகூட அந்த ஜாதிதான். எங்கள் ராடை நாங்கள் துடைத்துக் காயவைத்து உறையில் போட்டு வைப்போம். இவன் கோலோ நாள் முழுக்க நனைந்து, அழுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். உப்பில்லாத தண்ணீரில் கரண்டு அதிகம் பாயாது என்பது உண்மை. சுவர்த் தூசி கலந்ததும் அந்த உண்மை போய்விடும். ஆகவே கம்பிக்குப் பக்கத்தில் எந்தக் கோலும் நல்ல கோல் அல்ல.

"மாப்ளே, கள்ளக்குறிச்சில மூணு மாடிக்கு மேல எத்தனை கண்ணாடி இருக்கு? 25 அடி ஃபைபர் வாங்கு. அதுக்கு மேல வேணும்னா அப்புறம் கார்பன் பாரு. எந்த வேலைக்குப் போனாலும் கோலை வண்டியிலேர்ந்து இறக்கறதுக்கு முன்னாடி கட்டடத்தை ஒரு சுத்து சுத்தி வா, மேல பார்த்துகிட்டே. பக்கத்துல கம்பி போனா எல்.சி. வாங்கு, இல்லைன்னா அந்தப் பக்கத்தை விட்டுடு" என்றேன்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். ஆபீஸில் எழுதிக் கொடுத்து சப்ளையை நிறுத்தி, எர்த் செய்த பிறகு தொடுவது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபிறகு துணிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி என்று முகப்பில் கண்ணாடி வைத்த கட்டடங்கள் கூடிவிட்டன. மூன்று மாடி, நாலு மாடிதான். இந்தக் கோலுக்கென்றே அளவெடுத்துக் கட்டியது போல. முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கச் சந்தில் கம்பி. அண்ணாந்து பாருங்கள், தெரியும்.

நேற்று மறுபடி போன் செய்தான். கோல் வாங்கிவிட்டானாம். முதல் வேலைக்கு ஒரு கடையைப் பார்க்கப் போயிருக்கிறான். சுற்றி வந்திருக்கிறான். பின்பக்கம் கைக்கெட்டுகிற தூரத்தில் லைன். எல்.சி. இல்லாமல் பின்பக்கம் செய்ய மாட்டேன் என்றிருக்கிறான். கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"முதல் வேலையே போயிடுச்சு மாமா" என்றான்.

"போகட்டும்டா" என்றேன். "அந்த வேற ஆளு யாருன்னு தெரிஞ்சா அவன்கிட்டயும் சொல்லிடு."