கடும் மசக்கையும் நிறைமாதக் கவலைகளும்

கடும் மசக்கை என்பது கருவுற்ற முதல் வாரங்களில் தொடங்கும் ஒரு நோய். குமட்டலும் வாந்தியும் ஓயாமல் நீடிப்பதால் உண்ணவும் பருகவும் முடியாமல் போய், தாயின் உடலில் நீரும் எடையும் குறைகின்றன. மருத்துவ ஏடுகளில் இதன் பெயர் ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம். கருவுற்ற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் மசக்கை வரும். அவர்களில் பெரும்பாலோர் நெல்லிக்காயோ மாங்காயோ கடித்துக்கொண்டு அன்றைய வேலையைப் பார்த்துவிடுவார்கள். அப்படிப் பார்க்க முடியாமல் படுத்தே கிடப்பவர்கள் கருவுற்றவர்களில் 0.3 முதல் 3 சதவீதம் வரை. கருக்காலத்தின் முதல் பாதியில் பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்நோயே.

பொதுவாக 4 முதல் 7ஆம் வாரத்துக்குள் தொடங்கி, 9ஆம் வாரத்தை ஒட்டி உச்சமடைந்து, 20ஆம் வாரத்துக்குள் தணியும். ஒரு பகுதியினருக்குப் பிரசவம்வரை விடுவதில்லை. ‘மூணு மாசம் போனா சரியாயிடும்’ என்று வீட்டில் சொல்லும் ஆறுதல் இவர்களுக்குப் பலிப்பதில்லை. நாலாம் மாதமும் கடந்தபின் அந்தச் சொல்லே ஒரு குற்றச்சாட்டுபோல ஒலிக்கத் தொடங்குகிறது.

காரணம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நோயை மனத்தின் கோளாறாகப் பார்த்தார்கள். வயிற்றுப் பிள்ளையையோ கணவனையோ உள்ளூர வெறுப்பவளே இப்படி வாந்தி எடுக்கிறாள் என்ற உளப்பகுப்பாய்வு விளக்கம் மருத்துவப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. ஆதாரமில்லாத இந்த விளக்கம் பல பெண்களுக்கு உரிய மருத்துவம் தாமதமாகக் காரணமாயிற்று. பிறகு எச்சிஜி என்னும் கருக்கால இயக்குநீர்மேல் சந்தேகம் விழுந்தது. மசக்கை உச்சமடையும் வாரங்களில்தான் அதன் அளவும் உச்சத்தில் இருக்கும். இரட்டைக் கருவிலும், நஞ்சுத் திசு இயல்பற்றுப் பெருகும் முத்துப்பிள்ளைக் கருவிலும் இரண்டுமே கூடுதல். தைராய்டு சுரப்பியைத் தூண்டுவதும் இதே இயக்குநீர்தான். அதனால் கடும் மசக்கையில் தைராய்டு அளவு சற்று ஏறித் தெரிந்தாலும் பெரும்பாலும் அதற்கெனத் தனி மருந்து தேவைப்படுவதில்லை.

இன்று வலுவான சான்று இருப்பது ஜிடிஎஃப்15 என்ற புரதத்துக்கு. கருவும் நஞ்சுக்கொடியும் இதைத் தாயின் இரத்தத்தில் பெருமளவு விடுகின்றன. மூளையின் பின்பகுதியில், வாந்தியை இயக்கும் இடத்தில், இதற்கென ஓர் ஏற்பி இருக்கிறது. அமெரிக்க மரபியலாளர் மார்லீனா ஃபெஜ்சோ கடும் மசக்கையால் தாமே ஒரு கருவை இழந்தவர். அவர் குழு 2018இல் இந்தப் புரதத்தின் மரபணுவை நோயோடு இணைத்துக் காட்டியது. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலி குழுவோடு சேர்ந்து 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி போனது. புரதம் எவ்வளவு சுரக்கிறது என்பது மட்டுமல்ல, கருவுறுமுன் அந்தத் தாயின் உடல் அதற்கு எவ்வளவு பழகியிருந்தது என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது. இயல்பில் குறைவாக இருந்தவருக்குத் திடீர் ஏற்றம் தாங்காது. இலங்கை ஆய்வாளர்களும் பங்கேற்ற இந்த ஆய்வின் ஒரு முக்கியச் சான்று பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பெண்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு இப்புரதம் எப்போதுமே மிகுந்திருக்கும்; கருவுற்றபோது குமட்டல் அவர்களுக்கு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது.

நோய் குடும்பத்தில் ஓடுவதற்கும் இதில் ஒரு பகுதி விளக்கம் கிடைக்கிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால், முதல் பேற்றில் தனக்கே வந்திருந்தால், மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். பெண் குழந்தையானால் மசக்கை கூடும் என்ற ஊர்ப்பேச்சில் சிறிது உண்மை உண்டு. ஆய்வுகளிலும் சின்ன வேறுபாடு தெரிகிறது. ஆனால் அதை வைத்துப் பிள்ளை ஆணா பெண்ணா என்று கணிக்க முடியாது.

கண்டறிதல்

கருவுறுமுன் இருந்த எடையில் 5 சதவீதத்துக்குமேல் குறைவது பழைய அளவுகோல். 60 கிலோ இருந்தவர் 57க்கும் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். பட்டினியில் உண்டாகும் கீட்டோனைச் சிறுநீரில் பார்ப்பது இன்றும் பல இடங்களில் வழக்கம். ஆனால் அது நோயின் கடுமையைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதால் பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் அதைக் கைவிட்டுவிட்டன. கீட்டோன் இல்லை என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது முறையல்ல. பியூக் என்ற மதிப்பெண் முறை இதைவிட எளிது. ஒரு நாளில் குமட்டல் எத்தனை மணி நேரம், வாந்தி எத்தனை முறை, ஒன்றும் வராமல் வெறுமனே ஓங்கரித்தது எத்தனை முறை என்ற மூன்றே கேள்விகள். மொத்தம் 3 முதல் 15 வரை. 13உம் அதற்கு மேலும் கடுமை. அடுத்த வீட்டுக்காரி தன் மசக்கையை எப்படிச் சமாளித்தாள் என்பது இந்தக் கணக்கில் வராது.

சிறுநீர் அடர்நிறமாவது அல்லது எட்டு மணி நேரத்துக்குமேல் கழியாமலிருப்பது, ஒரு நாள் முழுக்க நீர்கூடத் தங்காதது, எழுந்தால் கண் இருட்டுவது, வாந்தியில் இரத்தம், காய்ச்சல், வயிற்று வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவம்

மாத்திரை என்றாலே பயப்படும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. கைகால் வளராத குழந்தைகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பிறந்தபின், 1961 நவம்பரில் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சம் பாதுகாப்பான மருந்துகளையும் விட்டுவைக்கவில்லை. டாக்சிலமினும் பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினும் சேர்ந்த பெண்டெக்டின் மாத்திரையை, வழக்குகளின் சுமை தாங்காமல் 1983இல் நிறுவனமே அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. பிறவிக் குறைபாடுகள் அதன்பின் குறையவில்லை. மசக்கைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள்தாம் கூடினார்கள். அதே சேர்க்கைக்கு அமெரிக்க அரசு 2013இல் மீண்டும் ஒப்புதல் தந்தது. இந்தியாவில் மசக்கைக்கு மருத்துவர்கள் வழக்கமாக முதலில் எழுதித் தருவதும் இதுதான்.

அதில் அடங்காவிட்டால் புரோமெதசின், மெட்டோகுளோபிரமைடு, ஒண்டான்செட்ரான் என்று படிப்படியாகப் போவார்கள். ஒண்டான்செட்ரானை முதல் மூன்று மாதங்களில் உட்கொண்டால் உதடு அல்லது அண்ணப் பிளவு 10,000 பிறப்புக்குச் சுமார் 3 கூடக்கூடும் என்று ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. நீரும் தங்காத பெண்ணுக்கு இந்தச் சிறு அபாயமா, நோயின் அபாயமா என்று நிறுத்துப் பார்ப்பது மருத்துவரும் அவளும் சேர்ந்து செய்ய வேண்டியது. மருந்தை எழுதித்தந்துவிட்டு விளக்காமல் விடுவதால்தான் பல வீடுகளில் அது குப்பைக்குப் போகிறது.

உடலில் நீர் வற்றியவருக்கு உப்புநீரும் பொட்டாசியமும் நரம்பு வழியே ஏற்றப்படும். இங்கே ஒரு கவனம் அவசியம். தயமின் என்ற பி1 வைட்டமின் உடலில் சில வாரங்களுக்கே சேமிப்பில் இருக்கும். தீட்டிய அரிசிச் சோறே முதன்மை உணவானவர்களுக்கு அதுவும் குறைவு. பல நாள் வாந்தியில் அது தீர்ந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருப்பதும் செலவாகி வெர்னிக்கி மூளைநோய் வரலாம். குழப்பம், கண் நிலைகொள்ளாமை, தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். பாதிப்பு நிரந்தரமாகவும் கூடும். அதனால் தயமினை முதலில் கொடுத்துவிட்டே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வந்தா தெம்பு வந்துடும்’ என்று தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப்போகும் உறவினர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது. படுக்கையிலேயே கிடப்பவருக்குக் கால் நரம்பில் இரத்தம் உறையாமலிருக்கவும் ஊசி தரப்படும்.

நரம்புவழித் திரவம் பரவலாகுமுன் இந்நோய் உயிரையே எடுத்தது. ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்டி 1855 மார்ச் 31 அன்று, 38 வயதில், கருவுற்ற நிலையில் இறந்தார். சான்றிதழில் காசம் என்று எழுதியிருந்தாலும், கடும் மசக்கையே காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

வீட்டில்

இஞ்சி லேசான மசக்கைக்குச் சிறிது உதவும்; கடும் மசக்கைக்காரியிடம் இஞ்சிச் சாறு குடிக்கச் சொல்வது அவள் எரிச்சலைத்தான் கூட்டும், தொண்டை எரிச்சலையும். சத்தான உணவு என்ற இலட்சியத்தை அந்த வாரங்களில் ஒத்திவைத்துவிட்டு, எது தங்குகிறதோ அதைக் கொடுக்க வேண்டும். பொரியும் ஊறுகாயும் தங்கினால் பொரியும் ஊறுகாயும்தான். ஒரு டம்ளர் நீரை ஒரே மூச்சில் குடிப்பதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்பது தங்கும். ஐஸ் துண்டைச் சப்புவது பலருக்கு எளிது. தாளிப்பு வாசம், சோறு வடிக்கும் ஆவி, ஊதுபத்தி ஆகியவற்றை அவளிடமிருந்து தள்ளிவைப்பது வீட்டாரின் வேலை. வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது. அமிலம் பட்ட பல் தேயும். நீரால் கொப்பளித்து, சற்றுப் பொறுத்துத் துலக்கலாம். இரும்பு மாத்திரை குமட்டலைக் கூட்டினால் மருத்துவரிடம் சொல்லிச் சில வாரம் தள்ளிப்போடலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் முடிந்தவரை விடக் கூடாது.

பிந்தைய மாதங்கள்

கடும் மசக்கையைக் கடந்தவர்களுக்கு நிறைமாதக் கவலை வெறும் பிரசவ பயமாக வருவதில்லை. 2020இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், இந்நோயுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கருக்கால மனச்சோர்வுக்கான அறிகுறிகள் காணப்பட்டன. நோயில்லாதவர்களில் அது 6 சதவீதம். பல வாரம் ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று கேட்டுக் கேட்டு, தன் உடல் சொல்வதைத் தானே நம்பாத நிலைக்கு வந்திருப்பார்கள். அந்த அவநம்பிக்கை கடைசி மாதங்களில் இரு விதமாக வெளிப்படும்: சின்ன மாற்றத்துக்கும் பதறுவது, அல்லது உண்மையான ஆபத்தையும் சொல்லாமல் அடக்கிக்கொள்வது.

முதல் கவலை, நான் ஒன்றுமே சாப்பிடவில்லையே, பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது. கரு தாயின் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடை குறைவாகவோ சில வாரம் முன்னதாகவோ பிறக்கும் வாய்ப்பு சிறிது கூடுதல் என்பது உண்மை. உரிய மருத்துவம் பெற்றவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் நலமாகவே பிறக்கின்றன. பிந்தைய மாதங்களில் வளர்ச்சியை அளக்கும் ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

ஸ்கேன் அறிக்கையில் ‘கொடி சுத்தியிருக்கு’ என்று சொன்னால் அன்றிரவு தூக்கம் போய்விடும். நாலைந்து பிறப்பில் ஒன்றில் கழுத்தைச் சுற்றிக் கொடி இருக்கும்; பெரும்பாலும் தலை வெளிவந்ததும் மருத்துவச்சி கையால் விலக்கிவிடுவார். அதுமட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. தலை திரும்பாத குழந்தை நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று நான்குதான். நெஞ்சு கரித்தால் பிள்ளைக்கு முடி நிறைய என்பதைப் பாட்டிகளின் கதை என்று ஒதுக்க நினைத்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், 2006இல் அந்தத் தொடர்பு மெய்யாகவே இருக்கிறது என்று கண்டு வியந்தார்கள். ஆனால் ‘கடைசி மாசத்துல இடம் பத்தாது, அசைவு குறையும்’ என்பது அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பேச்சன்று. அசைவின் தன்மை மாறலாம், குறையக் கூடாது. எத்தனை உதை என்ற எண்ணிக்கையைவிட, அந்தக் குழந்தையின் வழக்கம் மாறியதா என்பதே முக்கியம். மாறினால் மறுநாள்வரை காத்திராமல் அப்போதே போய் இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. மாதக்கணக்கில் வாந்தி எடுத்தவர் எட்டாம் மாதத்தில் வாந்தி எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 20 வாரத்துக்குப்பின் புதிதாக வந்த வாந்தியோ திடீரெனக் கூடிய வாந்தியோ மசக்கையாக இல்லாமலிருக்கலாம். தாங்காத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் வீங்குதல், இரத்த அழுத்தம் 140/90 தொடுதல் ஆகியவை பிரிஎக்லாம்சியா என்ற கருக்கால இரத்த அழுத்த நோயின் அடையாளங்கள். கல்லீரல் கெடுவதும் வாந்தியாகத் தொடங்கலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தடிப்பின்றி அரித்தால் பித்த அமிலம் பார்க்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். ‘சூடுதான், எண்ணெய் தடவு’ என்று அதை விடக் கூடாது.

ஏழாம் அல்லது ஒன்பதாம் மாத வளைகாப்பில் ஐந்து வகைச் சோறும் நூறு பேரின் கையும் கடும் மசக்கைக்காரிக்கு இன்னொரு சோதனை. வளையலை மட்டும் அடுக்கிவிட்டுச் சமையலை வேறிடத்தில் வைத்துக்கொண்ட குடும்பங்கள் புத்திசாலிகள். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஆகியவை தலைகாட்டினால் அவை பிடிவாதமோ பலவீனமோ அல்ல; மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ்நாட்டில் அவசர ஊர்திக்கு 108.

நஞ்சுக்கொடி வெளிவந்தபின் ஜிடிஎஃப்15 வேகமாக இறங்குகிறது. பலருக்கு அன்றோ மறுநாளோ பசி திரும்பிவிடும். மனம் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. மேற்சொன்ன பிரிட்டன் ஆய்வில் பேற்றுக்குப் பின்னும் பத்தில் மூவரிடம் மனச்சோர்வு தென்பட்டது. இரண்டாம் பிள்ளையைப் பற்றி உறவினர் கேட்கத் தொடங்குமுன், அடுத்த முறைக்கான திட்டத்தை மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம்: வாந்தி வலுக்குமுன்பே மருந்தைத் தொடங்குவது, எந்த மருந்து முன்பு கேட்டது என்ற குறிப்பு, முதல் மூன்று மாதம் மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது.