பி.ஜி.பி.யும் அறிமுகக் கையெழுத்தும்

அடுத்தவர் படிக்க முடியாதபடி கடிதம் எழுத உதவும் ஒரு கணினி நிரலை, அமெரிக்க அரசு பீரங்கி, ஏவுகணை இவற்றோடு ஒரே பட்டியலில் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ரொம்பப் பழைய கதை இல்லை. நம்மில் பலர் வேலையில் இருந்த 1990-களில்தான். அந்தப் பட்டியலையும் மீறி அந்த நிரல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டு சேர்த்தவர்களுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது, சம்பளம் கிடையாது, பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததும் கிடையாது. பி.ஜி.பி. என்ற அந்த நிரலின் கதையை இன்று எழுதுகிறேன்.

முதலில் பூட்டைப் பற்றிக் கொஞ்சம். பழைய முறையில் பூட்டுபவருக்கும் திறப்பவருக்கும் ஒரே சாவி. எங்கள் வங்கியில் தந்தி மூலம் பணம் அனுப்பிய நாட்களில், அனுப்பும் கிளையிலும் பெறும் கிளையிலும் ஒரே ரகசியக் குறியீட்டுப் புத்தகம் இருக்கும். அதை வைத்துத்தான் வந்த தந்தி உண்மையா பொய்யா என்று சரிபார்ப்போம். புத்தகம் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் முதலில் அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு கிளைக்கும் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டுமே, அதுதான் பெரிய பாடு. வங்கிக்கு ஆள் இருந்தது, வண்டி இருந்தது. சாதாரண மனிதன் என்ன செய்வான்?

1976-ல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். 1977-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஆர்.எஸ்.ஏ. என்று பெயர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி. ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். அதனால் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. திறக்கும் சாவி உங்களிடம் மட்டும் இருக்கும். அதே தனிச் சாவியால் நீங்கள் கையெழுத்தும் போடலாம், உங்கள் பொதுச் சாவியை வைத்து யாரும் அதைச் சரிபார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனின் உளவு நிறுவனமான ஜி.சி.எச்.க்யூ.வில் ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபர்ட் காக்ஸ் ஆகியோர் 1970-களின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய இதையே கண்டுபிடித்திருந்தார்கள். அது ரகசியக் கோப்பிலேயே தூங்கி, 1997-ல்தான் வெளியே வந்தது. எம்.ஐ.டி. மூவரின் முறையோ 1977-லேயே ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், மார்ட்டின் கார்ட்னரின் கணிதப் பகுதியில் வந்துவிட்டது. கடையில் இதழ் வாங்கிய யாரும் படிக்கலாம். உலகத்துக்குப் பயன்பட்டது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதழில் படித்தால் மட்டும் போதுமா? சொந்தக் கணினியில் ஓடும் நிரல் வேண்டும். அதை எழுதியவர் ஃபில் ஸிம்மர்மன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்காரர், அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். 1991-ல் அமெரிக்க செனட்டில் ஒரு குற்றத் தடுப்பு மசோதா வந்தது. தகவல் தொடர்புச் சேவை நடத்துபவர்கள், அரசு சட்டப்படி கேட்டால் செய்திகளைப் பூட்டில்லாமல் படிக்கக் கொடுக்கும்படி தங்கள் அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. அது சட்டமானால் தாமதமாகிவிடும் என்று நினைத்த ஸிம்மர்மன், அந்த ஜூன் மாதம் தன் நிரலை இலவசமாக வெளியிட்டார். மூலநிரலையும் கூடவே கொடுத்தார். நண்பர்கள் அதைத் தொலைபேசி வழியாகப் பல கணினிகளில் ஏற்றினார்கள். சில நாட்களில் அது அமெரிக்க எல்லையைத் தாண்டிவிட்டது. மசோதாவில் இருந்த அந்தக் கருத்து கடைசியில் சட்டமாகவில்லை. ஆனால் நிரலைத் திரும்ப அழைக்க யாராலும் முடியவில்லை.

மூலநிரலைக் கொடுத்ததால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். முதல் பதிப்பில் ஸிம்மர்மன் தானே உருவாக்கிய ஒரு பூட்டும் முறையைச் சேர்த்திருந்தார். இஸ்ரேலிய நிபுணர் ஏலி பிஹாம் அதைப் பார்த்துவிட்டு, அதன் பலவீனங்களை அவரிடமே எடுத்துச் சொன்னார். பெரிய கம்பெனியாக இருந்தால் மூடி மறைத்திருக்கும். ஸிம்மர்மன் அந்த முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, சுவிட்சர்லாந்தில் உருவான ஐடியா என்ற முறையை எடுத்துக்கொண்டார். 1992 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்பை நெதர்லாந்து, நியூசிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதினார்கள். வெளியீடு அமெரிக்காவில் நடக்கவில்லை, ஆம்ஸ்டர்டாமிலும் ஆக்லாந்திலும் நடந்தது. காரணம், அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்வதுதான் குற்றம். வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர எந்தத் தடையும் இல்லை!

ஆனாலும் 1993-ல் அமெரிக்க சுங்கத் துறை ஸிம்மர்மன் மீது குற்ற விசாரணை தொடங்கியது. அனுமதியில்லாமல் ஆயுதம் ஏற்றுமதி செய்தாரா என்பது கேள்வி. சுமார் மூன்று வருடம் அது அவர் தலைக்கு மேல் தொங்கியது. குடும்பஸ்தர், பெரிய பணக்காரரும் இல்லை. ஒரு பயனை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்ளலாம், வழக்கறிஞரைத் தேடி அலைவது மட்டும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. 1996 ஜனவரியில் வழக்குத் தொடராமலேயே விசாரணையைக் கைவிட்டார்கள்.

இதற்கிடையே ஒரு புத்திசாலித்தனமான காரியம் நடந்தது. நிரலை வட்டில் போட்டு அனுப்பினால் ஆயுதம். அதையே காகிதத்தில் அச்சடித்தால்? அது புத்தகம். புத்தகத்துக்கு அமெரிக்க அரசியலமைப்பு பாதுகாப்புத் தருகிறது. 1995-ல் எம்.ஐ.டி. பதிப்பகம் பி.ஜி.பி.யின் மூலநிரல் முழுவதையும் தடித்த புத்தகமாகவே வெளியிட்டது. 1997-ல் ஐந்தாம் பதிப்பின் நிரலைப் பல தொகுதிகளாக, ஆயிரக்கணக்கான பக்கங்களில் அச்சடித்து, சட்டப்படி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். நார்வேயின் ஆஸ்லோவைச் சேர்ந்த ஒரு இளைஞர் முன்னின்று நடத்த, பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மறுபடி நிரலாக்கினார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சரிபார்ப்பு எண் அச்சாகியிருந்தது. ஒரு எழுத்து தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் பேரேட்டில் கூட்டல் சரிபார்த்த அதே வேலைதான். அந்தக் காலத்தில் ஏடு பெயர்த்து எழுதியவர்களும் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். 2000-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா இந்தக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘இது ராமசாமியின் பொதுச் சாவி’ என்று ஒன்று வந்து சேர்கிறது. அது ராமசாமியுடையதுதானா, வேறு யாரோ அவர் பெயரில் அனுப்பியதா? அரசாங்கமோ கம்பெனியோ சான்றிதழ் கொடுக்கட்டும் என்பது ஒரு வழி. ஸிம்மர்மன் வேறு வழி சொன்னார். ராமசாமியை நேரில் அறிந்த ஒருவர், அவருடைய சாவியின் மீது தன் சாவியால் கையெழுத்துப் போடுவார். அந்த ஒருவரை நீங்கள் நம்பினால் ராமசாமியின் சாவியையும் நம்பலாம். இப்படிப் பின்னிப் பின்னிப் போவதை நம்பிக்கை வலை என்றார்கள்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. முன்பெல்லாம் கணக்குத் தொடங்க வேண்டுமானால், ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களுடைய அறிமுகத்துக்கு என்ன மதிப்பு என்பது கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியும். பி.ஜி.பி.யிலும் அப்படித்தான். ஒருவர் யார் என்பது வேறு, அவர் செய்யும் அறிமுகத்தை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகவே குறித்து வைக்கலாம். டெபியன் என்ற திறமூல இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் இன்றும் மாநாடுகளில் கூடும்போது, அடையாள அட்டையைப் பார்த்து, சாவியின் கைரேகை எண்ணைச் சரிபார்த்து, ஒருவர் சாவியில் மற்றவர் கையெழுத்திடுகிறார்கள். 2023-ல் அந்த மாநாடு நம் பக்கத்து மாநிலத்தில், கொச்சியில் நடந்தது.

எல்லாம் சுபம் என்று முடித்தால் அது சரித்திரம் ஆகாது. 1999-ல் ஆல்மா விட்டன், டைகர் என்ற இருவர் 12 பேரிடம் பி.ஜி.பி.யைக் கொடுத்து, 90 நிமிடத்தில் ஒரு மின்னஞ்சலைப் பூட்டிக் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு பேரால்தான் முடிந்தது. அறிவைப் பகிர்ந்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம்.

அடுத்தது பணம். பி.ஜி.பி. ஒரு கட்டத்தில் கம்பெனியின் சொத்தாகிவிட்டதால், ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக் 1997-ல் எல்லோருக்கும் சொந்தமான மாற்று ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் க்னூ பி.ஜி. 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் பத்திரிகையாளர்களோடு ரகசியமாகத் தொடர்புகொள்ள இந்த முறைதான் கைகொடுத்தது. உலகமே நம்பிய அந்த நிரலைப் பெரும்பாலும் ஒற்றை ஆளாகப் பராமரித்த கோக், கையில் காசில்லாமல் திண்டாடுகிறார் என்பது 2015-ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. உடனே நன்கொடைகள் குவிந்தன. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள்.

மூன்றாவது, வலையின் நடுவிலேயே இருந்த ஓட்டை. பொதுச் சாவிகளை வைக்கும் சர்வர்கள் உலகெங்கும் இருந்தன. ஒன்றில் போட்டது மற்றவற்றுக்கும் போய்விடும், எதையும் அழிக்க முடியாது. எந்த அரசும் ஒரு சாவியை மறைத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். 2019-ல் விஷமிகள் யாரோ, இந்தச் சமூகத்தில் பல வருடம் உழைத்த இருவரின் சாவிகள் மீது லட்சத்துக்கும் மேற்பட்ட போலிக் கையெழுத்துகளைக் குவித்தார்கள். அவற்றை இறக்கியவர்களின் கணினியில் நிரல் திணறி நின்றது. அழிக்கவும் வழியில்லை. யார் வேண்டுமானாலும் அறிமுகக் கையெழுத்துப் போடலாம் என்று பேரேட்டைத் திறந்து வைத்ததன் விலை அது. அதன் பிறகு, மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்த்து, உரிமையாளர் சொன்னால் நீக்கும் புதிய சர்வர்களுக்குப் பலர் மாறினார்கள்.

நம் நாட்டிலும் இந்த இழுபறி இருந்தது. அன்றைய இணையச் சேவை உரிம நிபந்தனைகளின்படி, அனுமதியில்லாமல் 40 பிட் நீளச் சாவி வரைதான் பயன்படுத்த முடிந்தது. அதற்கு மேல் போனால் அனுமதி வாங்கி, திறக்கும் சாவியையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆனால் 2001-ல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்று வழிகாட்டியது. ஒரு துறைக்கு ஆபத்தாகத் தெரிந்த பூட்டு, இன்னொரு துறைக்கு அத்தியாவசியமாகிவிட்டது.

இன்று பி.ஜி.பி.யை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் குறைவு. ஆனால் அதற்காகப் போராடியவர்கள் வென்ற உரிமையில்தான் நாம் தினமும் உட்கார்ந்திருக்கிறோம். 2016-லிருந்து வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைகளுக்கும் இடையே பூட்டப்பட்டே போகின்றன. சிக்னல் என்ற திறமூலச் செயலிக்காரர்கள் உருவாக்கிய முறை அது. அதில் ஒருவருடைய விவரப் பக்கத்துக்குப் போய் ‘குறியாக்கம்’ என்பதைத் தொட்டால் 60 இலக்க எண் ஒன்று வரும். உங்கள் மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து வரும்போது, இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் வைத்து அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. இடையில் யாரும் இல்லை என்பதை எந்தக் கம்பெனியையும் கேட்காமல் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.