ஒரு மேசையும் நான்கு தலைமுறையும்

இருப்புப்பாதையின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சின்களைப் பற்றி எழுதுவர். பாலங்களைப் பற்றி எழுதுவர். குகைகளைக் குடைந்த பொறியாளர்களைப் பற்றி எழுதுவர். இவற்றிற்கெல்லாம் கணக்கெழுதிய குமாஸ்தாக்களைப் பற்றி எழுதுவார் அரியர். ஆகவே, நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபொழுது, கோயில்களையும் காவியங்களையும் கற்றறிந்த அன்பர்களுக்கு விட்டுவிட்டு, நமக்குத் தெரிந்த ஒன்றையே எழுதத் துணிந்தோம். முதியவரும் இளையவரும் ஓர் அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து எவ்வாறு பணி செய்து வந்தனர் என்பதே அது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர் நாம். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

வங்காள நாகபுரி ரயில்வே 1887-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பெரிய தொழிற்சாலை கரக்பூரில் எழுந்தபின், ஆந்திர நாட்டிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்து இங்கே குடியேறின. 1944 அக்டோபர் முதல் தேதி அந்தக் கம்பெனி ரயில்வேயை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1952-இல் அது கிழக்கு ரயில்வேயோடு இணைந்தது. 1955 ஆகஸ்டு முதல் தேதி பிரிந்து தென்கிழக்கு ரயில்வே ஆயிற்று. வாயிலில் பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும், உள்ளே கிடந்த தேக்கு மேசைகள் மாறவில்லை. அத்தகைய மேசை ஒன்றில் 1936-இல் எம் பாட்டனார் வந்து அமர்ந்தார்.

அக்காலத்தில் புதியவனுக்குப் பயிற்சிப் பள்ளி என்று ஒன்று இல்லை. படாபாபு என்று வங்காளிகள் அழைக்கும் தலைமைக் குமாஸ்தாவே பள்ளி. முதல் சில மாதங்கள் பேரேட்டுக்குக் கோடு போடுவதும், மைக்கூட்டை நிரப்புவதும், பழைய கோப்புகளை ஆண்டு வாரியாக அடுக்குவதுமே வேலை. இதனை வீண் வேலை என்று எண்ணிய இளைஞர் பலர். எந்த விதி எந்த ஆண்டுக் கோப்பில் உறங்குகிறது என்பதை அடுக்கியவனே அறிவான் என்பது அவர்களுக்குப் பின்னர்தான் விளங்கிற்று. பாட்டனார் இதனைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

1957-ஆம் ஆண்டில் அவர் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. அதுவரை ரயில்வே ஊழியர்க்கு ஓய்வூதியம் கிடையாது. சேமநல நிதி மட்டுமே உண்டு. ஊழியன் ஒரு பங்கு கட்ட, ரயில்வேயும் ஒரு பங்கு போட்டு, ஓய்வு பெறும் நாளில் மொத்தமாகக் கையில் கொடுத்துவிடும். அவ்வாண்டு நவம்பர் 16 முதல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. புதிதாகச் சேருவோர்க்கு அதுவே விதி. முன்பே பணியில் இருந்தோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பாட்டனார்க்கு அப்பொழுது நாற்பத்து மூன்று வயது. மணமுடிக்க வேண்டிய பெண்கள் மூவர். கம்பெனி போய் அரசாங்கம் வந்ததையும், ஓர் அரசாங்கம் போய் மற்றோர் அரசாங்கம் வந்ததையும் கண்ணால் கண்டவர் அவர். மாதந்தோறும் ஒருவர் அனுப்புவார் என்று காத்திருப்பதினும் கைக்கு வரும் பணமே மெய் என்று கருதி, சேமநல நிதியையே வைத்துக்கொண்டார். அடுத்த நாற்காலியில் இருந்த இளைஞர் ஓய்வூதியத்திற்குக் கையெழுத்திட்டார். அவரைப் பாட்டனார் கேலி செய்தாராம்.

பின்னர் அந்தக் கதவு பல முறை திறந்தது. ஒவ்வொரு முறையும் பாட்டனார் படிவத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்பினார். 1972-இல் ஓய்வு பெற்றார். வந்த தொகை திருமணக் கடன்களுக்கும் ஊரில் ஒரு சிறு வீட்டிற்கும் சரியாகப் போயிற்று. அதன்பின் விலைவாசி ஏற ஏற, அவர் கேலி செய்த இளைஞரின் ஓய்வூதியமும் பஞ்சப்படியோடு ஏறிற்று. பாட்டனார்க்கு ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. 1982 டிசம்பர் 17-ஆம் நாள் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் பெறுவோரை ஓய்வு பெற்ற தேதியைக் கொண்டு இரு கூறாக்குவது முறையன்று என்று தீர்ப்பளித்தது. நம் காலனி முதியோர் அந்நாளை இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர் அல்லவா? அதைக் கேட்டு நிதிக்காரர்களும் நம்பிக்கை கொண்டனர். 1990-இல் கிருஷேண குமார் வழக்கில், நிதி பெற்றோர் வேறு வகுப்பினர், அவர்க்கு இது பொருந்தாது என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. அச்செய்தி வந்த மாலையில் பாட்டனார் முன்திண்ணையில் நெடுநேரம் பேசாது அமர்ந்திருந்தது நமக்கு நினைவிருக்கிறது. நமக்கு அப்போது ஒன்பது வயது. மறு ஆண்டே அவர் காலமானார். பாட்டியார்க்குக் குடும்ப ஓய்வூதியமும் இல்லை. கருணைத் தொகையாகச் சிறிது வந்தது.

எம் தந்தையார் 1965-இல் சேர்ந்தவர். ஏழாண்டுகள் தகப்பனும் மகனும் ஒரே கட்டடத்தில் வேலை செய்தனர். அலுவலகத்தில் தந்தையைப் பெயர் சொல்லி அழைக்கவும் இயலாது, அப்பா என்றும் அழைக்கலாகாது என்று, பெரும்பாலும் தாளில் எழுதியே செய்தி அனுப்புவாராம்.

1974-ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நடந்த வேலைநிறுத்தம் பற்றி அறியாத ரயில்வே குடும்பம் இராது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை தாங்கிய அப்போராட்டத்தில் நாடெங்கும் பல லட்சம் ஊழியர் இறங்கினர். கைதும் வேலை நீக்கமும் வீட்டைக் காலி செய்யும் கட்டளையும் தொடர்ந்தன. இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இருபதுகளின் பிற்பகுதியில் வங்காள நாகபுரி ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டிப் போராடியவர் வி. வி. கிரி. அதே கிரி 1974 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார்! அவர் பெயரைச் சொல்லிச் சங்கம் வளர்த்த முதியோர் அதை எப்படித் தாங்கிக்கொண்டனரோ, அறியோம்.

எம் தந்தையார் வேலைக்குச் செல்லவில்லை. அடுத்த மேசைக்காரர் சென்றார். சென்றவர்களை விசுவாச ஊழியர் என்று அழைத்துச் சம்பள உயர்வு அளித்தனர். அவர்களுடைய பிள்ளைகள் சிலர்க்கு வேலையும் கொடுத்தனர். தந்தையார் வேலை இழந்து, 1977-இல் ஆட்சி மாறியபின் ஏனையோரோடு திரும்பி வந்தார். வந்து பார்த்தால், அடுத்த மேசைக்காரரின் மகன் அங்கே குமாஸ்தாவாக அமர்ந்திருந்தார், வயது இருபத்திரண்டு. இருவரும் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தனர். கோப்பு கைமாறும்; குறிப்பு கைமாறும்; ஒரு கோப்பைத் தேநீர் மட்டும் கைமாறியதில்லை.

நாம் 2003 அக்டோபரில் சேர்ந்தபொழுது நம்மை யாரிடம் ஒப்படைத்தனர் என்று நினைக்கிறீர்கள்? அந்த மகனிடமே! அதற்குள் அவர் படாபாபு ஆகியிருந்தார். நாம் இன்னார் மகன் என்பதை அவர் அறிவார். முதல் வாரம் முழுதும் ஒரு சொல்லும் அதிகம் பேசவில்லை. பிறகு ஒருநாள் பழைய சர்வீஸ் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து நம் முன் வைத்தார். பிறந்த தேதி அடித்துத் திருத்தப்பட்டிருந்தால் யார் கையெழுத்து வேண்டும், விடுப்புக் கணக்கில் அரை நாள் எங்கே மறையும், சம்பளமில்லா விடுப்பு எந்த நிலையில் தகுதிக் காலத்தைத் தின்னும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று காட்டியதைத்தான் இன்றும் நாம் பிறர்க்குக் காட்டுகிறோம். மாலையில் வீட்டிற்கு வந்து தந்தையாரிடம் சொன்னோம். சற்று நேரம் கழித்து, "வேலை தெரிந்தவன்" என்றார். அவரைப் பற்றித் தந்தையார் நம்மிடம் சொன்ன நற்சொல் அது ஒன்றே.

அடுத்த கோடு 2004 ஜனவரி முதல் தேதி விழுந்தது. அன்றும் அதற்குப் பின்னும் சேர்ந்தவர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. ஊழியன் பங்கையும் அரசின் பங்கையும் சந்தையில் இட்டு வளர்க்கும் புதிய திட்டம் வந்தது. நம்மோடு ஒரே தேர்வெழுதி ஒரே பட்டியலில் தேறிய நண்பர் ஒருவர்க்கு, மருத்துவப் பரிசோதனையில் கண்ணாடியை மாற்றி வரச் சொன்னதால், பிப்ரவரியில்தான் ஆணை கிடைத்தது. நாலு மாத இடைவெளி! ஒரே மேசை, ஒரே சம்பளம், ஒரே வேலை. நாம் ஒரு தலைமுறை, அவர் மற்றொரு தலைமுறை. 2003 டிசம்பர் 22-க்கு முன் அறிவிக்கப்பட்ட பணியிடங்களில் சேர்ந்தோர் பழைய திட்டத்திற்கு வரலாம் என்று 2023-இல் ஆணை வந்தபொழுது அவர் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்தார். அன்று அவர் அலுவலகம் முழுவதற்கும் சந்தேஷ் வழங்கினார். அவர்க்குப் பின் சேர்ந்த இளைஞர் வாங்கி உண்டனர், வாழ்த்தும் கூறினர். நம்மால் அவர்கள் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

ஏனெனில் நம் பிரிவின் வேலையே ஓய்வு பெறுவோரின் கணக்கை முடிப்பது. 2019-இல் சேர்ந்த தெலுங்குப் பெண் ஒருத்தி நமக்கு எதிர் மேசையில் இருக்கிறாள். அவள் குடும்பமும் நான்கு தலைமுறையாக இவ்வூர்தான். பட்டதாரி. 2020-இல் சர்வீஸ் புத்தகங்களெல்லாம் கணினிக்குள் சென்றபொழுது நாம் திகைத்து நின்றோம். "அன்னய்யா, இங்கே அழுத்துங்கள்" என்று நமக்குக் கற்பித்தவள் அவளே. மங்கிப்போன மசியில் பழைய படாபாபுக்கள் எழுதிய சுருக்கெழுத்தைப் படிக்க அவளுக்கு நாம் கற்பித்தோம். மாதந்தோறும் பலருடைய ஓய்வூதியத்தைக் காசு பிசகாமல் அவள் கணக்கிடுகிறாள். அந்த ஓய்வூதியம் அவளுக்கு இல்லை. அதைப் பற்றி ஒருநாளும் அவள் பேசியதில்லை, நாமும் பேசியதில்லை.

2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. இருபத்தைந்து ஆண்டு பணி செய்தவர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி உறுதி என்றனர். ஆனால் சேர்ந்துள்ள நிதியைக் கைவிட வேண்டும். சந்தைத் திட்டத்திலேயே இருப்பதா, இதற்கு மாறுவதா? தாமே தேர்ந்துகொள்ளும்படி படிவம் வந்தது. ஜூன் கடைசி என்றிருந்த கெடு செப்டம்பருக்கு நீண்டு, பின் நவம்பர் 30 ஆயிற்று. அப்பெண் இரண்டு தாள்களில் இரண்டு கணக்குப் போட்டு எடுத்துவந்து, "நீங்கள் சொல்லுங்கள், அன்னய்யா" என்றாள். பணியை இடையில் விட நேர்ந்தால் எது நலம், நீண்டு வாழ்ந்தால் எது நலம், தனக்குப் பின் தாயார்க்கு என்ன கிடைக்கும் என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தாள். நாம் விதிகளை அறிவோம். எனினும் வாய் திறக்க அஞ்சினோம். 1957-இல் பாட்டனார் போட்ட கணக்கிலும் கூட்டல் பிழை ஒன்றும் இருந்திராது.

கெடுவுக்கு முந்திய ஞாயிறன்று அவளை வீட்டிற்கு அழைத்துச் சென்றோம். எம் தந்தையார்க்கு வயது எண்பது. பாட்டனாரின் கதையைத் தெலுங்கிலேயே, ஒன்றையும் மறைக்காமல் அவளுக்குச் சொன்னார். பெண்கள் மூவர் இருந்ததையும் சொன்னார். கேலி செய்ததையும் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார். இரண்டு தாள்களையும் வாங்கி ஒருபுறம் வைத்துவிட்டு, "முதலில் நீ வேலையில் சேர்ந்த தேதியைச் சொல், அம்மா" என்றார்.