முகத்து எலும்புக்கு ஸ்டெம் செல்: எது நடைமுறையில் உண்டு, எது ஆய்வில் உள்ளது?

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களுக்கு அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கு அறுபட்டது. வெள்ளியில் மூக்கு செய்து வைத்துக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் வரவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் கூடாது என்பதற்கு விதிவிலக்காக மதரஸாவில் இதைப் படித்தோம். உடலில் பொருத்தும் பொருளை உடல் ஏற்க வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது.

காட்டாங்குளத்தூரில் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதாலோ என்னவோ, "ஸ்டெம் செல் வைத்துத் தாடை எலும்பை வளர்க்கலாமாமே ஹஜ்ரத்?" என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள்.

இன்றைக்கு நம்பகமானது பழைய வழிதான். ஈறு பிளந்து பிறந்த பிள்ளைக்கு, கோரைப்பல் முளைக்கும் முன், பெரும்பாலும் 7 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பிளவை நிரப்புவார்கள். புற்றுநோயில் தாடை போனவருக்குக் காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துவைப்பார்கள். இரண்டிலும் உள்ள சிரமம், எடுத்த இடத்தில் இன்னொரு காயம்.

அந்தக் காயத்தைத் தவிர்ப்பதற்கே ஆய்வுகள் நடக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலோ கொழுப்பிலோ ஸ்டெம் செல் எடுக்கிறார்கள். பல்லின் கூழிலும் அது இருப்பது 2000இல் தெரியவந்தது. பால் பல்லில் இருப்பது 2003இல். செல்லை மட்டும் வைத்தால் நிற்காது. கொத்தனாருக்குச் சாரம் போல அதற்கும் ஒரு பிடிமானம் வேண்டும்: கால்சியம் பாஸ்பேட் பீங்கான், கொலாஜன் போன்றவை. புது எலும்பு வளர வளர இந்தச் சாரம் கரைய வேண்டும். சீக்கிரம் கரைந்தால் குழி விழும். கரையாவிட்டால் அந்நியப் பொருளாகவே தங்கும். இதைவிடப் பெரிய தடை ரத்த ஓட்டம். சின்னக் குறைக்குச் சமாளிக்கலாம். பெரிய குறையில் ரத்தக் குழாய் வந்து சேருமுன் நடுவிலுள்ள செல்கள் இறந்துவிடுகின்றன.

ஆகவே பணம் கட்டச் சொன்னால் நிதானியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வாகவே செய்ய முடியும்; அதில் சேர்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பால் பல்லைச் சேமித்துவைக்கும் வங்கிக்கும் அதில் இடமில்லை. தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே அனுமதி.

மார்க்க ரீதியில் சொந்த உடலின் செல்லில் சிக்கல் இல்லை. பெரியவர்களிடமிருந்து சம்மதத்தோடு, தீங்கின்றி எடுப்பதை மக்காவின் ஃபிக்ஹ் அகாடமி 2003இல் அனுமதித்தது. பார்க்க வேண்டியது சாரத்தைத்தான். செயற்கைப் பீங்கானும் உண்டு, மாட்டெலும்புத் தூளும் உண்டு. மேலே மூடும் கொலாஜன் சவ்வு சிலவற்றில் பன்றியிலிருந்து வருகிறது. தூய்மையானது கிடைக்காமல் அசுத்தமான எலும்பால் ஒட்டவைத்தவருக்கு மன்னிப்பு உண்டு என்று ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் நூலில் இமாம் நவவீ எழுதுகிறார்கள். இன்று மாற்று கிடைக்கிறது என்பதால், அறுவைக்கு முன்பே டாக்டரிடம் "இது எதிலிருந்து செய்தது?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, எடுத்தால் பாதிப்பு வரும் என்றால் எடுக்கத் தேவையில்லை.