நியூயார்க் போலீஸாரின் கைத்துப்பாக்கி மாற்றம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிகப் பெரிய நகரப் போலீஸ் படையாகிய நியூயார்க் நகரப் போலீஸ் இலாகா, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் தன் காவலரின் இடுப்பில் இருந்து வந்த ஆறு தோட்டா ரிவால்வரை விலக்கி, 9 மி.மீ. பிஸ்டலை ஏற்றுக்கொள்வதென்று 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தீர்மானித்தது. அத்தீர்மானம் முற்றிலும் நிறைவேறி, கடைசி ரிவால்வர் பணியினின்று நீங்குவதற்கு 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி ஆயிற்று. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயுதம் மாறிய விதம், அதன் விசையையும் தோட்டாவையும் பற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்கள், சுடும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய உத்தரவுகள் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல இயலாது.

நியூயார்க்கில் நிரந்தரமான போலீஸ் படை 1845ஆம் ஆண்டில் ஏற்பட்டது. தொடக்க காலக் காவலருக்கு உரிய ஆயுதம் மரத்தடிதான்; துப்பாக்கி வேண்டியவர்கள் தத்தம் விருப்பப்படி வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த ஒழுங்கின்மைக்கு முடிவு கட்டியவர், பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதியாக விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் ஆவார். 1895ஆம் ஆண்டில் நகரப் போலீஸ் ஆணையக் குழுவின் தலைமைப் பதவியை ஏற்ற அவர், கோல்ட் கம்பெனியார் செய்த .32 காலிபர் ரிவால்வரைப் படை முழுவதற்கும் பொதுவான ஆயுதமாக்கினார். அதோடு நில்லாமல், அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் காவலருக்கென ஒரு சுடுபயிற்சிப் பள்ளியையும் திறந்து வைத்தார். ஆயுதத்தைக் கொடுக்கிறவன் அதைக் கையாளும் அப்பியாசத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இப்பள்ளியே சான்று; அவருடைய பணிக்காலம் இரண்டே ஆண்டுகள் என்றபோதிலும், நகரப் போலீஸ் கல்விக்கழகத்தின் வரலாற்றை எழுதுவோர் இப்பள்ளியிலிருந்தே தொடங்குகின்றனர்.

.32 தோட்டாவின் வேகமும் கனமும் போதா என்று கண்டு, 1920களில் இலாகா .38 காலிபருக்கு மாறிற்று. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய கம்பெனிகளின் நான்கு அங்குலக் குழல் ரிவால்வர்கள் அதன்பின் இரண்டு தலைமுறைக்கும் மேலாக நியூயார்க் காவலரின் அடையாளமாகவே நின்றன. இந்த ஆயுதத்தின் அமைப்பு மிக எளிது. விசையை இழுக்கும்போது தோட்டாக்கள் செருகிய உருளை ஒரு பங்கு சுழல, பின்னால் சுத்தி எழுந்து, உச்சிக்கு வந்ததும் தானே விழுந்து தோட்டாவின் அடியை அடிக்கும். ஒரு தோட்டா வெடிக்கத் தவறினாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும் என்பதால், பழைய காவலர்கள் இதன்மீது வைத்த நம்பிக்கை காரணமற்றதன்று. குறை, ஆறாவது தோட்டா தீர்ந்த பிறகே தெரியும். உருளையைப் பக்கவாட்டில் திறந்து, முன்னாலுள்ள தண்டை அழுத்தி வெற்றுக் கூடுகளை உதறி, கச்சையிலுள்ள தோல் உறையிலிருந்து தோட்டாக்களைக் கையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் துளைகளில் செருகி மூட வேண்டும். பகலில், பயிற்சித் திடலில், அமைதியான மனத்தோடு செய்யும்போதே இதற்குப் பல விநாடிகள் பிடிக்கும்; இருளில், நடுங்கும் விரல்களோடு, எதிரில் சுடுபவன் நிற்கையில் செய்வதென்றால் எவ்வளவு பிடிக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ஆயுதம் மாறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று காகிதத்தில் நிகழ்ந்தது. 1971ஆம் ஆண்டில் நியூயார்க் போலீஸார் சுட்டதால் 93 பேர் உயிரிழந்தனர். 221 பேர் காயமுற்றனர். மறு ஆண்டு ஆகஸ்டில் இலாகா பிறப்பித்த உத்தரவு, தன் உயிரையோ பிறர் உயிரையோ காப்பதற்கு வேறு வழியில்லாதபோதே துப்பாக்கிப் பிரயோகம் செய்யலாம் என்று வரையறுத்தது. எச்சரிக்கைக்காக வானத்தை நோக்கிச் சுடுவதைத் தடுத்தது. ஓடும் மோட்டார் வண்டிகளை நோக்கிச் சுடுவதற்கும் கடுமையான எல்லை வகுத்தது. வெளிப்பட்ட ஒவ்வொரு குண்டுக்கும் மேலதிகாரிகளின் குழு விளக்கம் கேட்கும் ஏற்பாட்டையும் செய்தது. அப்படையில் லெப்டினன்டாக இருந்து பின்னர்ப் பேராசிரியரான ஜேம்ஸ் ஃபைஃப் இதன் விளைவை ஆராய்ந்து, காவலர் சுடும் சம்பவங்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன என்றும், கையைக் கட்டிப்போட்டால் காவலர் மடிவார்கள் என்று அஞ்சியதற்கு மாறாக அவர்களுக்கு நேர்ந்த சேதமும் குறைந்தது என்றும் காட்டினார். இந்த உத்தரவு வந்தபோது காவலர் கையிலிருந்தது அதே பழைய ரிவால்வர் என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகளைப் படிப்போர் நினைவில் வைத்திருப்பது நலம்.

1980களில் கொக்கெயின் வகையைச் சேர்ந்த கிராக் என்னும் போதைப் பொருளின் வியாபாரம் நகரமெங்கும் பரவியது. அதைக் கைக்கொண்ட கூட்டத்தாரிடம் பதினைந்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் பிஸ்டல்கள் சகஜமாயின. 1986ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி, குயின்ஸ் பகுதியிலுள்ள ஃபார் ராக்கவேயில், ஓர் இளங்காவலர் தம் ஆறு தோட்டாக்களையும் சுட்டு முடித்து, மீண்டும் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே, 9 மி.மீ. பிஸ்டல் வைத்திருந்தவனால் கொல்லப்பட்டார். வயது இருபத்திரண்டே ஆன அவருடைய மரணம் படையினரை உலுக்கிவிட்டது. ஆறு தோட்டாக்களையும் ஒரே முறையில் உருளைக்குள் இறக்கும் சாதனத்தை இலாகா இதற்குப் பின் அனுமதித்தது. ஆயினும் பிஸ்டலே வேண்டும் என்ற கோரிக்கை காவலர் சங்கத்தில் ஓயவில்லை. நகரில் 1990ஆம் ஆண்டில் மட்டும் 2,245 கொலைகள் நடந்தன என்பதை எண்ணினால், தெருவில் நின்றவர்களின் அச்சத்தை மிகையென்று ஒதுக்க மனம் வராது.

அதிகாரிகள் தயங்கியதற்கும் காரணங்கள் இருந்தன. ஜன நெருக்கம் மிகுந்த நகரில் அதிகத் தோட்டாக்கள் அதிகமான வழிப்போக்கர்களைத் தாக்கும் என்பது ஒன்று. பிஸ்டலின் இலேசான விசை எதிர்பாராமல் வெடிக்கச் செய்யும் என்பது மற்றொன்று. ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக் உருவாக்கி, அந்நாட்டு இராணுவம் 1982ஆம் ஆண்டில் தெரிந்தெடுத்த கிளாக் பிஸ்டலின் பிடிப்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது என்ற செய்தி, விமான நிலையச் சோதனைக்கு அது அகப்படாது என்ற வதந்தியாக வளர்ந்து, பொதுமக்கள் அதை வைத்துக்கொள்ள உரிமம் தருவதையே நியூயார்க் போலீஸ் சிலகாலம் மறுத்து வந்தது. குழலும் மேற்பகுதியும் உருக்கால் ஆனவை ஆதலின் வதந்தி ஆதாரமற்றது. 1988ஆம் ஆண்டில் தடை நீங்கியது. அக்காலத்தில் தனிப்படையாக இருந்த சுரங்க ரயில் போலீஸார், வில்லியம் பிராட்டனின் தலைமையில் நகரப் போலீஸாருக்கு முன்னரே 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறிவிட்டனர். ஒரே நகரத்தில், தரைக்குக் கீழே நிற்பவருக்குப் பிஸ்டலும் மேலே நிற்பவருக்கு ரிவால்வரும் என்ற நிலையை நெடுநாள் காப்பாற்ற முடியவில்லை.

1993ஆம் ஆண்டில் கமிஷனர் ரேமண்ட் கெல்லி பிஸ்டலைப் படை முழுவதற்கும் அனுமதித்தார். கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 5946, ஸிக் ஸாவர் பி226 என்ற மூன்றில் ஒன்றைக் காவலர் தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று. நாளடைவில் எடை குறைந்த கிளாக்கே பெரும்பாலோர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றுமே கூட்டில் பதினைந்தும் குழலில் ஒன்றுமாகப் பதினாறு தோட்டாக்கள் கொள்வன. புதிதாகச் சேர்ந்தவர்கள் பிஸ்டலோடு பணியைத் தொடங்க, முன்னமே பணியில் இருந்தவர்கள் தனிப்பயிற்சி பெற்று மாறிக்கொண்டனர். மாற விரும்பாதவர் ரிவால்வரையே வைத்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. அப்படையில் காவலர் அங்கீகாரம் பெற்ற வகைகளிலிருந்து தம் துப்பாக்கியைத் தாமே விலை கொடுத்து வாங்குவது மரபாதலால், பழையதை ஒரே நாளில் பறித்துக்கொள்வது நியாயமாகவும் தோன்றியிராது.

விசையின் விஷயத்தில் இலாகா கொண்ட ஜாக்கிரதை தனியே குறிப்பிடத்தக்கது. சுத்தியை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்தால் ரிவால்வரின் விசை மிகவும் இலேசாகிவிடும். அவ்வாறு இழுத்து நிறுத்தவே முடியாத ரிவால்வர்களை 1980களின் பிற்பகுதியிலேயே அவர்கள் கட்டாயமாக்கியிருந்தனர். அதே எண்ணத்தோடு, சாதாரணமாக ஐந்தரைப் பவுண்டு இழுப்பில் வெடிக்கும் கிளாக்கின் விசையைப் பன்னிரண்டு பவுண்டுக்கு உயர்த்தும்படி கம்பெனியாரிடம் கேட்டு வாங்கினார்கள். ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீர் கொண்ட குடத்தை ஆள்காட்டி விரலால் தூக்குவதற்கு ஒப்பான முயற்சி இது. தவறுதலாக வெடிப்பதை இது தடுத்திருக்கலாம். ஆனால் அவ்வளவு பலத்தோடு விரலை மடக்கும்போது கையும் குழலும் சேர்ந்தே அசைவதால், குறி பிசகும் என்று பயிற்சியாளர் பலர் முறையிட்டனர்.

அடுத்த பிரச்சினை தோட்டாவிலிருந்து முளைத்தது. முதலில் அளிக்கப்பட்ட குண்டுகள் ஈயத்தின்மேல் முழுதும் செம்புக் கவசம் போர்த்தவை. அவை உருக்குலையாமல் உடலை ஊடுருவி, பின்னால் நிற்பவரையும் தாக்கின. வழிப்போக்கர் மட்டுமன்றிச் சக காவலரும் காயமுற்றனர். ஆகவே கமிஷனர் ஹோவர்ட் ஸஃபிர், நுனியில் குழிவுடையதும், உடலில் பட்டவுடன் மலர்ந்து அங்கேயே தங்கிவிடுவதுமான குண்டுக்கு மாறுவதென்று 1998ஆம் ஆண்டில் அறிவித்தார். இத்தகைய குண்டின் முன்னோடி கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் செய்வித்தது. அவ்வூரின் பெயராலேயே உலகெங்கும் வழங்கிற்று. 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் அதை யுத்தத்தில் விலக்கியது. யுத்தகளத்தில் கொடூரம் என்று விலக்கப்பட்டது நகரத் தெருவில் எவ்வாறு பாதுகாப்பாகும் என்று எதிர்த்தவர்கள் கேட்டனர். எதிரிக்குப் பின்னால் குழந்தை நிற்கக்கூடிய இடத்தில் ஊடுருவாத குண்டே உத்தமம் என்று இலாகா விடையளித்தது. இரு தரப்பின் கவலையும் மெய்யானதே எனினும், நகரத் தெருவைப் பொறுத்தவரை இலாகாவின் பக்கமே நியாயம் கனமானதென்று தோன்றுகிறது.

1999ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி நடந்த சம்பவம் பிஸ்டலைப் பற்றிய பழைய அச்சத்தை மறுபடி எழுப்பியது. பிராங்க்ஸ் பகுதியில் தம் வீட்டு வாயிலில் நின்ற அமடூ டியால்லோ என்ற கினி நாட்டு இளைஞரைச் சாதாரண உடையிலிருந்த நான்கு காவலர்கள் சுட்டுக் கொன்றனர். அவரிடம் ஆயுதம் ஏதுமில்லை. துப்பாக்கியென்று அவர்கள் எண்ணியது அவருடைய பணப்பை. வெளிப்பட்ட குண்டுகள் 41. உடலில் பட்டவை 19. காவலருள் இருவர் தலா 16 முறை சுட்டுத் தம் பிஸ்டல்களை முழுதும் காலியாக்கியிருந்தனர். ஒருவர் சுட்டால் மற்றவரும் தொடர்ந்து சுடும் மனநிலையைத் தோட்டாக்கூடு வளர்க்கிறது என்று பலர் வாதித்தனர். நால்வரிடமும் ரிவால்வர்கள் இருந்திருந்தால் 24 குண்டுகளோடு நின்றிருக்கலாம். குற்றமற்ற ஒருவரைக் கொல்ல அவையும் மிகுதியே ஆதலால், பழியைப் பிஸ்டலின்மேல் மட்டும் சுமத்துவது அந்த இளைஞருக்கும் நீதியாகாது. வழக்கில் நால்வரும் 2000ஆம் ஆண்டில் விடுதலை பெற்றனர். 2006ஆம் ஆண்டு நவம்பரில் குயின்ஸில் தம் விவாக நாளன்று அதிகாலையில் ஷான் பெல் என்பவர் 50 குண்டுகள் பாய்ந்த சம்பவத்தில் உயிரிழந்தபோது, ஒரு துப்பறிவாளர் தோட்டாக்கூட்டை மாற்றிக்கொண்டு 31 முறை சுட்டிருந்தது தெரியவந்தது. அதன்பின் இலாகா வேண்டிக்கொண்டபடி ராண்ட் ஆய்வு நிறுவனம் சுடுபயிற்சி முறைகளைப் பரிசீலித்து 2008ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. இலேசான விசையைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அதன் யோசனைகளுள் ஒன்று. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னே ஒரு கொலையாளியை நோக்கி இரு காவலர்கள் சுட்ட 16 குண்டுகளால் வழியில் நின்ற ஒன்பது பேர் காயமுற்றபோது, பன்னிரண்டு பவுண்டு விசையைப் பற்றிய விவாதம் மீண்டும் உரத்து ஒலித்தது.

இவ்வளவுக்கிடையிலும், போலீஸாரால் சுடப்பட்டு இறந்தோர் தொகை 2010ஆம் ஆண்டில் எட்டாகக் குறைந்திருந்தது. ஆறு தோட்டா காலத்து 93ஐயும் பதினாறு தோட்டா காலத்து எட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், 1972ஆம் ஆண்டின் உத்தரவும், அதையொட்டி நடந்த விசாரணைகளும், பிற்காலத்தில் நகரில் குற்றங்கள் தணிந்ததுமே இந்த வேறுபாட்டைச் செய்தன என்று கொள்ள வேண்டியிருக்கிறது. துப்பாக்கியின் வகை அதில் சிறு பங்கே கொண்டது.

2017ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ 36,000 பேர் கொண்ட படையில் 150 பேரளவுக்கே ரிவால்வர் தரித்திருந்தனர். பெரும்பாலும் ஓய்வுக்காலத்தை நெருங்கிய மூத்தவர்களாகிய அவர்களும் பிஸ்டல் பயிற்சி பெற்று மாறிக்கொள்ள வேண்டுமென்று கெடு விதிக்கப்பட்டது. இரண்டு வகை ஆயுதங்களுக்கும் தனித்தனிப் பயிற்சி நடத்துவதைத் தவிர்ப்பது இதற்கு ஒரு நோக்கம். கெடு முடிந்த சில ஆண்டுகளில், புதிதாகச் சேர்வோருக்குப் பன்னிரண்டு பவுண்டு விசையை விட்டு, இலேசான விசையுடைய பிஸ்டலை இலாகா வழங்கத் தொடங்கிற்று.