மூச்சினால் இயங்கும் மயக்கக் கருவி

சத்திரசிகிச்சைக்குக் கத்தியைப் போலவே இன்றியமையாதது மயக்க மருந்து. அதனைச் செலுத்தும் கருவி, வசதி குறைந்த நாடுகளுக்கேற்ப அமைந்த வரலாற்றை இன்று நோக்குவோம்.

1846 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16 ஆம் நாள், பொஸ்ரன் நகர வைத்தியசாலையொன்றில் மோட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயக்கிக் காட்டினார். சத்திரசிகிச்சையின் கொடிய வேதனை அன்று தொட்டுத் தணியலாயிற்று. ஆயின், பின்வந்த இயந்திரங்கள் சிலிண்டர்களில் அடைத்த ஒட்சிசனையும் பிற வாயுக்களையும் நம்பியே இயங்கின. சிலிண்டர் தீர்ந்தால் இயந்திரம் பயனற்றுப் போகும். பெருநகருக்கு இது பெருங்குறையன்று. பாதை சீரில்லாத தொலைவூருக்கோ இது நோயாளியின் உயிரைப் பற்றிய செய்தி.

இவ்வுண்மையை நேரிற் கண்டவர் றொபேட் மக்கின்ரொஷ். நியூசீலந்திற் பிறந்த இவர், நஃபீல்ட் பிரபுவின் நன்கொடையால் ஒக்ஸ்போர்டில் அமைந்த மயக்கவியற் பேராசிரியர் பதவியை 1937 இல் ஏற்றார். அதே ஆண்டில், உள்நாட்டுப் போர் நிகழ்ந்த ஸ்பெயினுக்குச் சென்று காயமுற்றோர்க்கு மயக்கமளித்தார். பழகிய வாயுக்கள் அங்கே கிடைக்கவில்லை. ஈதரும் எளிய கலமுமே கைகொடுத்தன.

ஈதரிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆவியாகுந்தோறும் அது குளிரும், குளிரக் குளிர ஆவி குறையும், மயக்கமும் தளரும். பௌதிக அறிஞர் எப்ஸ்ரைன் முதலியோர் துணையுடன் 1941 இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆவியாக்கி இக்குறையைத் தீர்த்தது. வெந்நீரால் உருகிய கல்சியம் குளோரைட்டு, மீண்டும் உறையும்போது விடும் வெப்பமே அதற்குத் துணை. போர்க்காலத்தில் நஃபீல்டின் மோட்டார்த் தொழிற்சாலையே அதனைச் செய்து வழங்கியது.

1956 இல் இவ்விருவரும் விவரித்த ஈ.எம்.ஓ. என்னும் கருவி, நீருறையும் வெப்பநிலைக்கேற்பத் தானே திருந்தும் வாயிலும் உடையது. நோயாளி இழுக்கும் மூச்சே காற்றை ஈதர்மேற் செலுத்தும். மூச்சுத் தளர்ந்தால் கையால் இயக்கும் துருத்தி உதவும். சிலிண்டரும் மின்சாரமும் வேண்டா. ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகள் பலவற்றில் இது பயன்பட்டது.

தீப்பற்றும் இயல்பு முதலிய காரணங்களால் ஈதர் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது. அக்கருவியின் தத்துவம் ஒழியவில்லை. மலாவியிற் பணிபுரிந்த வைத்தியர் போல் ஃபென்ரன் ஆக்கிய இயந்திரம், மின்சாரமுள்ளபோது காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும். மின்சாரம் அற்றபோது அறைக்காற்றைக் கொண்டு தொழிலைத் தொடரும்.

வாயுவும் உதிரியுறுப்பும் இன்றி மூலையிற் கிடக்கும் விலையுயர்ந்த இயந்திரம் எந்த நோயாளியையும் காப்பதில்லை. ஓர் ஊருக்கு உதவி செய்ய விழைவோர், அவ்வூரில் எது என்றும் கிடைக்கும் என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். மக்கின்ரொஷ் அவ்வாறு கேட்டார். காற்று என்பதே விடையாயிற்று.