எதிராளியின் நாற்காலி

பெரும்பாலான விளையாட்டுகளில் தோற்பவரும் விளையாடிக்கொண்டேதான் தோற்கிறார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்த பிறகும் வீசியவர் திரும்ப நடந்துபோய் இன்னொரு பந்தை வீசலாம். சதுரங்கத்தில் எத்தனை நெருக்கடியிலும் அடுத்த நகர்வு நம்முடையது. ஸ்னூக்கரில் அப்படியில்லை. எதிராளி பிழை செய்யாதவரை ஓர் ஆட்டக்காரர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மேசைக்குச் சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருக்கும் நாற்காலியில், ஒரு குவளைத் தண்ணீருடன், உட்கார்ந்திருப்பது.

மேசையில் பதினைந்து சிவப்புப் பந்துகள், ஆறு நிறப் பந்துகள், ஒரு வெள்ளை. கோலால் வெள்ளையை அடித்து ஒரு சிவப்பைக் குழியில் தள்ள வேண்டும். பிறகு ஒரு நிறப் பந்து. பிறகு மீண்டும் சிவப்பு. தவறாதவரை ஆட்டம் ஒருவருடையதே. நன்றாக ஆடுபவர் ஒருவர் ஒரே மூச்சில் நூறு புள்ளிகளைக் கடந்து, அந்த ஃப்ரேமை முடித்து, அடுத்ததையும் அதேபோல் முடித்தார் என்றால், மற்றவர் அரை மணிநேரம் கோலைத் தொடாமலேயே இரண்டு ஃப்ரேம்களை இழந்திருப்பார். சும்மா இருப்பதை நம் ஞானியர் பெரிய நிலையாகச் சொன்னார்கள். தேர்வுக்கூடத்தில் மூன்று மணிநேரம் மேற்பார்வையாளனாக உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் அது எவ்வளவு கடினமான வேலை என்பதை நானும் சற்று அறிவேன். ஆனால் அங்கே என் பிழைப்பு பணயத்தில் இல்லை.

ஸ்னூக்கரின் வரலாற்றை வென்றவர்களின் பட்டியலாக எழுதுவதே வழக்கம். அந்த நாற்காலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறொரு வரலாறாகத் தெரிகிறது.

ஆட்டம் பிறந்தது 1875இல், ஜபல்பூரில், மழைக்காலத்தில் பொழுது போகாத ஆங்கிலேய அதிகாரிகளின் உணவுக்கூடத்தில். உருவாக்கியவர் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பிற்காலத்துப் பிரதமர் வேறு ஒருவர்). ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் முதலாண்டு மாணவனைக் கேலியாக அழைக்கும் சொல்லே ‘ஸ்னூக்கர்’. எளிய அடியைத் தவறவிட்ட ஒருவரைச் சேம்பர்லின் அப்படி அழைக்க, ஆட்டத்துக்கே அது பெயராகிவிட்டது. ஆக, பெயரே தவறவிட்டவனுடையது. விதிகள் எழுத்து வடிவம் பெற்று 1882இல் நம் உதகமண்டலத்து கிளப்பில் மாட்டப்பட்டன. அதற்குப் பிறகு ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அதன் தொழில்முறைக் கதை பெரும்பாலும் அங்கேதான்.

அந்தக் கதையின் முதல் இருபது ஆண்டுகள் ஒரே மனிதருடையவை. டெர்பிஷையரைச் சேர்ந்த ஜோ டேவிஸ் 1927இல் பர்மிங்காமில் முதல் உலகப் பட்டத்தை வென்றார். கிடைத்த பணம் ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். அதன் பிறகு 1946 வரை நடந்த பதினான்கு போட்டிகளிலும் அவரே வென்றார், தோற்காமலேயே விலகினார். ஆனால் விலகியது பட்டப் போட்டியிலிருந்து மட்டும். கண்காட்சி ஆட்டங்களை அவர் தொடர்ந்து ஆடினார். கூட்டம் அவரைப் பார்க்கவே வந்தது. புதிய சாம்பியன் யாராக இருந்தாலும், உண்மையான சாம்பியன் வேறிடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று மக்கள் நினைத்தார்கள். 1947இலும் 1950இலும் பட்டம் வென்ற வால்டர் டொனால்ட்சன் பிறகு வெறுத்துப்போய், தன் பில்லியர்ட்ஸ் அறையை மாட்டுத் தொழுவமாக்கி, மேசையின் கற்பலகையை உடைத்து நடைபாதைக்குப் போட்டார் என்று சொல்வார்கள். 1955 ஜனவரியில் லண்டன் லெஸ்டர் சதுக்க அரங்கில் ஜோ டேவிஸ் 147 புள்ளிகளை, ஒரு முறையில் எடுக்கக்கூடிய உச்சத்தை, எடுத்தார். அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147 அதுதான். அதே ஆண்டில் அந்த அரங்கமும் மூடப்பட்டது.

ஜான் புல்மனின் நிலை இன்னும் விசித்திரமானது. 1957இல் அவர் உலகப் பட்டத்தை வென்றார். பிறகு ஏழு ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. பார்வையாளர் இல்லை, பணம் போடுபவர் இல்லை. 1964 முதல் அறைகூவல் முறையில், ஒருவர் வந்து சவால் விட்டால் ஆடுவது என்று, அவர் ஏழு முறை பட்டத்தைக் காத்துக்கொண்டார். 1969இல் எல்லோரும் கலந்துகொள்ளும் முறை திரும்பியபோது முதல் சுற்றிலேயே ஜான் ஸ்பென்சரிடம் தோற்றார். ஒரு கலைஞன் தன் உச்சத்தில் இருக்கும் காலமும் அவனுடைய கலைக்கு ரசிகர் இருக்கும் காலமும் ஒன்றாக அமையவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புல்மன் உட்கார்ந்திருந்தது எதிராளிக்காக அல்ல, காலத்துக்காக.

காலம் மாறியது 1969இலேயே. பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசைக்கு வண்ணத் தொலைக்காட்சியின் பெருமையைக் காட்ட மலிவான நிகழ்ச்சி ஒன்று தேவைப்பட்டது. பச்சைத் துணியின் மேல் பல நிறப் பந்துகள். ஒரு மேசை, இரண்டு ஆட்டக்காரர்கள், ஒரு சில காமிராக்கள். ‘பாட் பிளாக்’ என்ற அந்த நிகழ்ச்சியின் முதல் வெற்றியாளர் ரே ரியர்டன். வேல்ஸின் ட்ரெடீகர் என்னும் சுரங்க ஊரில் பிறந்து, சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். ஐம்பதுகளில் ஒரு சரிவில் மூன்று மணிநேரம் மண்ணுக்குள் புதைந்து, விரலசைக்க முடியாமல் கிடந்திருக்கிறார். மனதுக்குள் தம்பியோடு கோலி விளையாடியே அந்த நேரத்தைக் கடந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு போலீஸ்காரரானார். 1967இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது வயது முப்பத்தைந்து. ஆறு முறை உலகப் பட்டம். அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு நேரெதிர் அலெக்ஸ் ஹிக்கின்ஸ். பெல்ஃபாஸ்ட் நகரத்து ஏழைப் பையன். குதிரைப் பந்தய வீரனாகும் கனவோடு இங்கிலாந்துக்குப் போய், உடல் எடை கூடியதால் அது நடக்காமல் ஸ்னூக்கருக்குத் திரும்பியவர். 1972இல், கலந்துகொண்ட முதல் முறையே, இருபத்திரண்டு வயதில் உலகப் பட்டம் வென்றார். அது நடந்த இடம் பர்மிங்காமில் முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடம் ஒன்று. பரிசு 480 பவுண்டு. மற்றவர்கள் கணக்கிட்டு அடிக்கும் இடத்தில் இவர் பாய்ந்து அடிப்பார். அடிக்கும்போதே உடல் எழும்பிவிடும். ‘சூறாவளி’ என்று பெயர். மக்கள் இவரைப் பார்க்கத்தான் தொலைக்காட்சியைப் போட்டார்கள் என்பதே உண்மை. இந்த மனிதரால் முடியாதது ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்திருப்பது. நாற்காலியில் நெளிவார், புகைப்பார், குடிப்பார். 1976 முதல் உலகப் போட்டிக்குப் பணம் கொடுத்தது ‘எம்பசி’ சிகரெட். ஆகவே சிகரெட்டுக்குப் பஞ்சமில்லை.

1982இன் அரையிறுதியில் இருபது வயது ஜிம்மி ஒயிட் 15–14 என முன்னணியில் இருந்து, அடுத்த ஃப்ரேமிலும் 59 புள்ளிகள் எடுத்துவிட்டார். ஹிக்கின்ஸ் எழுந்து வந்து, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வெள்ளைப் பந்து தவறான இடத்தில் போய் நிற்க, அங்கிருந்தே அடுத்த அசாத்திய அடியை அடித்து 69 எடுத்து மேசையைக் காலி செய்தார். நாற்காலியிலிருந்து ஒயிட் பார்த்துக்கொண்டிருந்தார். ஹிக்கின்ஸ் 16–15 என வென்று, இறுதியில் ரியர்டனையும் 18–15 என வீழ்த்தி, கைக்குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டு அழுதார். இன்றும் ஸ்னூக்கரின் மிகப் பிரபலமான காட்சி அது. பிறகு நடந்ததெல்லாம் இறக்கம். 1986இல் போட்டி அலுவலர் ஒருவரைத் தலையால் முட்டினார். 1990இல் சக ஆட்டக்காரரை மிரட்டினார், செய்தித் தொடர்பாளரைக் குத்தினார். நீண்ட தடை வந்தது. சம்பாதித்த பெருஞ்செல்வம் கரைந்தது. தொண்டைப் புற்றுநோய், பற்கள் போயின. 2010 ஜூலையில் பெல்ஃபாஸ்டில், முதியோருக்கான சிறு குடியிருப்பில், தனியாக இறந்துகிடந்தார். வயது 61.

புகழின் உச்சம் 1985. ஷெஃபீல்ட் நகரத்து குரூசிபில் நாடக அரங்கில், 8–0 எனப் பின்தங்கியிருந்த டென்னிஸ் டெய்லர், நள்ளிரவைத் தாண்டி, கடைசி ஃப்ரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை வென்றார். 1 கோடியே 85 லட்சம் பேர் பார்த்தார்கள். டேவிஸ் அந்தக் கறுப்பைத் தவறவிட்ட கணமே தெரிந்துபோயிற்று. ஆனால் அவர் ஆறு பட்டங்கள் வென்றவர். அவருக்கு இந்த ஒரு தோல்வி புகழையே சேர்த்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

ஜிம்மி ஒயிட்டுக்கு வாய்க்கவில்லை. ஆறு முறை உலக இறுதிப் போட்டி. 1990 முதல் 1994 வரை தொடர்ந்து ஐந்து. ஆறிலும் தோல்வி. 1992இல் ஸ்டீபன் ஹெண்ட்ரிக்கு எதிராக 14–8 என முன்னணி. இன்னும் நான்கு ஃப்ரேம்கள் போதும். ஹெண்ட்ரி தொடர்ந்து பத்து ஃப்ரேம்களை எடுத்தார். அந்தப் பத்து ஃப்ரேம்களில் ஒயிட் பெரும்பாலும் செய்தது உட்கார்ந்திருந்ததுதான். 1994 மே 2, ஒயிட்டின் முப்பத்திரண்டாவது பிறந்தநாள். மீண்டும் ஹெண்ட்ரி, 17–17, கடைசி ஃப்ரேமில் ஒயிட் 37–24 என முன்னால் இருக்கிறார். கறுப்புப் பந்து அதன் புள்ளியிலேயே இருக்கிறது. சிறுவயது முதல் பல்லாயிரம் முறை அடித்த அடி. தவறிவிட்டது. அவர் போய் உட்கார்ந்தார். ஹெண்ட்ரி 58 எடுத்து முடித்தார். திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. அடிக்கும் அந்த நொடியில் முந்தைய இறுதிகளின் நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து கையில் ஏறிக்கொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏழு பட்டங்கள் வென்ற ஹெண்ட்ரியையும் நாற்காலி விடவில்லை. வெள்ளையை நேராகத் தள்ளுவதே கைவராமல் போகும் ஒரு நோய் அவரைப் பிடித்தது. உடம்பில் ஒன்றுமில்லை, மனம் கையை நம்ப மறுக்கிறது. 2012இல் குரூசிபிலில் ஒரு 147 எடுத்துவிட்டு, அதே போட்டியின் காலிறுதியில் 13–2 எனத் தோற்று, அன்றே ஓய்வை அறிவித்தார். பின்னர் திரும்பி வந்து, 2021இன் தகுதிச் சுற்றில் ஐம்பத்தெட்டு வயது ஒயிட்டைச் சந்தித்தார். மீண்டும் ஹெண்ட்ரியே வென்றார், 6–3. ஒயிட் ஆடுவதை நிறுத்தவில்லை. அதற்கு முன்பே 2019இல், ஆறு முறை தோற்ற அதே குரூசிபிலில், மூத்தோர் உலகப் பட்டத்தை வாங்கியிருந்தார். அவர் எதற்காகத் தொடர்கிறார் என்று கேட்பவர்கள் விளையாட்டை வெற்றியாக மட்டுமே பார்ப்பவர்கள்.

2005இல் புகையிலை விளம்பரத் தடை வந்து சிகரெட் பணம் நின்றது. போட்டிகள் சுருங்கின, 2009–10 பருவத்தில் தரவரிசைப் போட்டிகள் ஆறே ஆறு. அடுத்த தலைமுறையின் பணமும் பார்வையாளர்களும் சீனாவிலிருந்து வந்தார்கள், ஆட்டக்காரர்களும். 2023இல் பத்துச் சீன ஆட்டக்காரர்கள் சூதாட்ட வழக்கில் தடை செய்யப்பட்டார்கள். இருவருக்கு வாழ்நாள் தடை. ஜாவ் ஷின்டோங் தானாக எந்த ஆட்டத்தையும் விற்கவில்லை என்றாலும், இன்னொருவரின் முறைகேட்டில் பங்குகொண்டதற்காகவும் பந்தயம் கட்டியதற்காகவும் இருபது மாதம் வெளியே உட்கார்ந்திருந்தார். தடை முடிந்ததும் தொழில்முறை உரிமம்கூட இல்லாமல், நான்கு தகுதிச் சுற்றுகளைக் கடந்து, 2025 ஏப்ரல் மாதம் குரூசிபிலுக்குள் வந்தார். அரையிறுதியில் ஏழு முறை சாம்பியனான ரோனி ஓ’சல்லிவனை 17–7 என வென்றார்.

இறுதியில் எதிரே மார்க் வில்லியம்ஸ். மூன்று முறை சாம்பியன், வயது ஐம்பது. கண்பார்வை மங்கி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார். குரூசிபிலின் இறுதிப் போட்டிக்கு வந்தவர்களில் அவரே மிக மூத்தவர். அதுவரை அந்தக் கணக்கு 1982இல் ஹிக்கின்ஸிடம் தோற்ற ரியர்டனுடையது. ஜாவ் 18–12 என வென்று, சீனாவின் முதல் உலக சாம்பியனானார்; பரிசு ஐந்து லட்சம் பவுண்டு. வில்லியம்ஸ் பிறந்த கும் என்ற ஊரும் சுரங்க ஊர்தான். ரியர்டனின் ட்ரெடீகருக்குச் சில மைல் தொலைவில் இருக்கிறது.